சிறு பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே, வீட்டில் செய்த இனிப்போடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு ஒரு நாள் வெளியே போய்வர நினைக்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் கேட்கும் கேள்விகள் இவை. பாதி பயணத்தைப் பற்றியவை, பாதி அடுப்படியைப் பற்றியவை. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டால் போதாதா? முந்தைய நாள் உட்கார்ந்து இனிப்பு செய்யத்தான் வேண்டுமா?

முடிந்தவர்கள் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளை, மறுநாள் என்ற கணக்கு இன்னும் சரியாகப் பிடிபடுவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகிறோம்" என்றால் அது காதில் விழுந்து போய்விடும், அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "இப்போது போகலாமா?" என்ற கேள்வியாகத் திரும்பி வரும். சனிக்கிழமை மாலை தன் கையால் உருண்டை பிடித்து, டப்பாவில் அடுக்கி, "இதை நாளைக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்று மூடிவைத்தால், நாளை என்பது அந்தப் பிள்ளையின் கண்முன்னே இருக்கும் பொருளாகிவிடுகிறது. வெளியே போகும் மகிழ்ச்சியில் பாதி அங்கேயே தொடங்கிவிடும். காத்திருக்கவும் பிள்ளை பழகிக்கொள்ளும்.

இன்னொரு பயன் நமக்கு. என்ன சேர்த்தோம், எவ்வளவு சேர்த்தோம், ஒரு துண்டின் அளவு என்ன என்பதெல்லாம் நம் கையில் இருக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேலை அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நள்ளிரவு வரை அடுப்பருகே நின்ற அம்மாவோ அப்பாவோ மறுநாள் பிள்ளையோடு ஓட முடியாது. அப்படி ஆகும் என்று தோன்றினால் பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நாள் நன்றாகவே போகும்.

எங்கே போவது? எவ்வளவு நேரம்?

இடத்தைவிட நேரம்தான் முக்கியம். ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிட நினைப்பது பெரியவர்களின் ஆசை. பிள்ளைக்கு ஒரு குட்டை, கொஞ்சம் கூழாங்கல், ஒரு நாய்க்குட்டி இருந்தால் போதும். அங்கிருந்து பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடும்போதுதான் அழுகை தொடங்குகிறது. ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். இந்தக் கணக்கை உடைத்துவிட்டு எந்த அழகான இடத்துக்குப் போனாலும் பிள்ளைக்கு அதை அனுபவிக்கத் தெம்பு இருக்காது. பகலில் தூங்கும் குழந்தை என்றால் காலையில் கிளம்பி, தூங்கும் நேரத்துக்குள் வீடு திரும்புவது ஒரு வழி. திரும்பும் பயணத்திலேயே தூங்கும்படி நேரத்தை அமைப்பது இன்னொரு வழி. போய்வரும் நேரம், அங்கே இருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கழிப்பறை, நிழல், குடிநீர் மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காட்சி எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதன் பிறகுதான்.

வெளியே எடுத்துப்போக எந்த இனிப்பு ஏற்றது?

கையில் ஒட்டாதது, வெயிலில் உருகாதது, பால் சேராதது, கத்தி கரண்டி கேட்காதது. இந்த நான்கையும் வைத்துச் சலித்தால் பேரீச்சம்பழ உருண்டை, எள்ளும் வேர்க்கடலையும் பொடித்துப் பிடித்த உருண்டை, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய், உலர்ந்த தேங்காய்த் துருவலில் செய்த வில்லை ஆகியவை மிஞ்சும்.

சாக்லேட் பூசிய எதையும் வெயில் நாளில் எடுக்காதீர்கள். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடம்புச் சூட்டைவிட அது குறைவு என்பதால்தான் சாக்லேட் வாயில் கரைகிறது. அதே காரணத்தால் பையிலும் கரைந்துபோகும். பச்சைத் தேங்காய், பால், கிரீம் சேர்ந்தவை சூட்டில் விரைவில் கெடும். அவற்றை வீட்டில் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பே இல்லாமல், பிள்ளையே முழுவதும் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பேரீச்சம்பழ உருண்டை. கொட்டை நீக்கிய பழம் 200 கிராம், வறுத்த எள் 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. எள்ளையும் கடலையையும் முதலில் மிக்ஸியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். பிறகு பழத்தைப் போட்டு விட்டுவிட்டுச் சுற்றுங்கள். கலவை திரண்டு வந்ததும் நிறுத்திவிடலாம். தொடர்ந்து சுற்றினால் கடலை எண்ணெய் விட்டுப் பிசுபிசுப்பாகும். பழம் காய்ந்து கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு, ஈரம் போக நன்றாகத் துடைத்துவிட்டுச் சேருங்கள்.

"கொட்டை நீக்கியது" என்று பொட்டலத்தில் எழுதியிருந்தாலும் எங்கோ ஒன்றில் கொட்டை இருக்கும். ஒவ்வொரு பழத்தையும் பிளந்து பார்ப்பதைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். திருடனைத் தேடும் உற்சாகத்தோடு தேடும். பிளந்தவற்றை நீங்கள் மறுபடி ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் போதும்.

உருட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, பெரிய நெல்லிக்காய் அளவு எடுத்துக் கொடுத்தால், மூன்று வயதுப் பிள்ளை முதலில் அதை அழுத்தித் தட்டையாக்கிவிடும். அடுத்ததில் விரல்களால் நசுக்கும், உருண்டை பிளந்துகொள்ளும். "மெதுவாக, கையை வட்டமாகச் சுற்று" என்று உங்கள் கையில் ஒன்றை உருட்டிக் காட்டினால் அதன் பார்வை உங்கள் கைக்கும் தன் கைக்கும் மாறி மாறிப் போகும். சிறிது நேரத்தில் கைச்சூட்டில் எள்ளெண்ணெய் கசிந்து உருண்டை மினுமினுக்கும். அது கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். வாங்கி மறுபடி உருட்டிச் சரிசெய்தால் பிள்ளை செய்தது உங்களுடையதாகிவிடும். மேற்சொன்ன அளவுக்கு இருபது உருண்டை வரும்.

எந்த வயதில் எந்த வேலையைக் கொடுக்கலாம்?

இரண்டு வயதில் பழம் கழுவுவது, கிண்ணத்தில் கொட்டுவது, ஆறிய கலவையைக் கிளறுவது. மூன்று, நான்கு வயதில் உருட்டுவது, எள்ளில் புரட்டுவது, அச்சில் அழுத்துவது. ஐந்து, ஆறில் கோப்பையால் அளப்பது, எண்ணுவது, ஆறிய வில்லையை மழுங்கிய கத்தியால் வெட்டுவது. ஏழு, எட்டில் உங்கள் கைப்பிடியில் மிக்ஸி பொத்தானை அழுத்துவது, செய்முறையை வாசித்துச் சொல்வது. இது வெறும் வயதுக் கணக்கு. உங்கள் பிள்ளையின் பொறுமையும் கைநிதானமும் உங்களுக்குத்தான் தெரியும். தொடங்கும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். அது மட்டும் எல்லா வயதுக்கும் ஒன்றுதான்.

பாகு காய்ச்சும்போது பிள்ளை பக்கத்தில் நிற்கலாமா?

கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கடலை மிட்டாய்க்கான பாகு 150 டிகிரியைத் தொடும். தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பெரியவர் ஒருவர் பிள்ளையை வேறு அறையில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் பாகைப் பார்க்க வேண்டும். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்றால் பிள்ளை தூங்கிய பிறகு பாகு காய்ச்சுங்கள், அல்லது அடுப்பில்லாத இனிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் வைக்கக் கூடாது. துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சிறு குழந்தைக்குப் பட்ட பாகுக் காயத்தை, அளவு சிறிதாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முகம், கை, மூட்டு என்றால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட வேண்டாம், குளிர்வித்ததும் கிளம்பிவிடுங்கள்.

பாகு சில நாள் பதமாக வருகிறது, சில நாள் மணல் மணலாகிவிடுகிறது. ஏன்?

சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போகிறது, மிஞ்சும் கரைசல் கெட்டியாகிறது. கெட்டியாக ஆக அதன் கொதிநிலை ஏறுகிறது. ஆகவே பாகின் வெப்பநிலையைப் பார்த்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைச் சொல்லிவிடலாம். கம்பிப் பதம் 106 முதல் 112 டிகிரிக்குள் வரும். குளிர்ந்த நீரில் விட்டால் மென்மையாக உருட்டவரும் பதம் 112 முதல் 116. நீரில் விட்டதும் கண்ணாடி போல இறுகி, ஒடித்தால் 'டக்' என்று உடையும் பதம் 146 முதல் 154. பாகுக்கான வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த ஊகம் எல்லாம் முடிந்துவிடும். அது இல்லாதபோது கண்ணும் காதும் உதவும். தொடக்கத்தில் குமிழ்கள் பொடிப்பொடியாக, சளசளவென்று வேகமாக வெடிக்கும். பதம் நெருங்க நெருங்க அவை பெரிதாகி, சோம்பலாக எழுந்து, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும், சத்தமும் தணியும். அந்த நேரத்தில் அடுப்பைவிட்டு நகரக் கூடாது. கம்பிப் பதத்திலிருந்து மேலே ஏறுவதற்கு எடுக்கும் நேரம் அதிகம், பதம் வந்தபின் கருகுவதற்கு எடுக்கும் நேரம் மிகக் குறைவு.

மணலாவதற்குக் காரணம் படிகம். பாகில் கரைந்திருக்கும் சர்க்கரை மீண்டும் படிகமாக ஒரு சாக்குத் தேடிக்கொண்டே இருக்கும். வாணலியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கரையாத ஒரு துளிச் சர்க்கரை விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் இறுகிவிடும். எனவே சர்க்கரை முழுதும் கரைந்த பிறகே நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி வந்தபின் கிளறாதீர்கள். பக்கங்களில் ஒட்டியதை ஈரத் தூரிகையால் வழித்துவிடுங்கள். சில சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். இந்த இரண்டும் நடுவில் புகுந்து படிகங்கள் ஒன்றுசேர விடாமல் தடுக்கும். மணலாகிவிட்ட பாகையும் கொட்டிவிட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, முதலிலிருந்து காய்ச்சலாம்.

உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். அதற்கேற்ப மேலே சொன்ன எண்களிலும் குறைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் கடலை மிட்டாய் பிசுபிசுப்பதற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அல்ல. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அன்று உருண்டை செய்யுங்கள்.

வெல்லம், தேன், பேரீச்சை சேர்த்தால் சர்க்கரைக் கவலை இல்லைதானே?

இருக்கிறது. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். தாதுச்சத்துகள் உண்டு, ஆனால் ஒரு துண்டு இனிப்பில் கிடைக்கும் அளவுக்காக அதை மருந்தாக நினைத்துக் கூடுதலாகக் கொடுக்க முடியாது. பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. நார்ச்சத்து இருப்பது அதன் நல்ல குணம். மணத்துக்காக, சுவைக்காக இவற்றை விரும்பிச் சேருங்கள். அளவு மட்டும் எதிலும் மாறாது.

தேன் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது, சமைத்த பண்டத்தில் சேர்த்ததும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பெரிய பிள்ளைக்காகத் தேன் சேர்த்துச் செய்ததைக் கைக்குழந்தையின் வாயில் யாரும் அன்பாக ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு இனிப்பு கொடுக்கலாம்?

இரண்டு வயது வரை சேர்க்கப்பட்ட சர்க்கரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழச்சாறும் அந்தக் கணக்கில் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு இனிப்பில் பார்த்துப் பார்த்துச் சர்க்கரை சேர்த்துவிட்டு, வழியில் ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தால் அந்த ஒரு பாட்டிலிலேயே நாள் கணக்கு தாண்டிவிடும். குடிப்பதற்குத் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று உருண்டைகளை நிம்மதியாகக் கொடுக்கலாம்.

இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் ஆட்டம் போடுவார்கள் என்கிறார்களே?

ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல பரிசோதனைகளைத் தொகுத்து 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரை, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றவில்லை என்று கண்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. தம் மகன் சர்க்கரை சாப்பிட்டிருக்கிறான் என்று நம்பவைக்கப்பட்ட தாய்மார், அவன் கூடுதலாகத் துள்ளுவதாக மதிப்பிட்டார்கள். உண்மையில் அந்தச் சிறுவர்களுக்குச் சர்க்கரை கொடுக்கப்படவே இல்லை. வெளியே போன இடத்தில் பிள்ளை ஓடுகிறது என்றால் திறந்த வெளியும் மற்ற பிள்ளைகளும்தான் காரணம். ஓடட்டும், அதற்காகத்தானே போனோம்.

தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். முழுக் கடலை, முழுப் பாதாம், கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை ஆகியவை ஐந்து வயதுக்குள் வேண்டாம். கடலையைப் பொடித்தோ, விழுதாக மெல்லியதாகத் தடவியோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருந்து குழாயை அடைக்கும். கடலை மிட்டாய் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும். உருண்டையையும் சின்னக் குழந்தைக்குத் தட்டி, கிள்ளிக் கொடுங்கள்.

எதைச் சாப்பிட்டாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஊஞ்சலில், ஓட்டத்தில், காரின் பின்னிருக்கையில் யாரும் கவனிக்காத நேரத்தில் கூடாது.

சிக்கிவிட்டால், பிள்ளை இருமுகிறது என்றால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ முடியவில்லை என்றால் முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே இறுக மடக்கிய கையை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தக் கூடாது, மார்பின் நடுவே அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். இதை எழுத்தில் படித்தது போதாது. முதலுதவிப் பயிற்சி ஒன்றில் பொம்மையின் மேல் ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

வெயிலில் உணவைக் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது?

சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வரை தாங்கும். வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம்தான். சோறு, பால் பண்டம், முட்டை இவற்றை உறைந்த தண்ணீர்ப் பாட்டிலோடு சேர்த்துப் பையில் வையுங்கள். உருகிய பிறகு அதுவே குடிநீராகும். உலர்ந்த உருண்டைகளுக்கு இந்தக் கவலை இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்து அடுக்கினால் போதும்.

கார் பயணத்தில் வாந்தி எடுக்கிறாள். என்ன செய்வது?

இரண்டு வயதுக்கு மேல், பன்னிரண்டு வயதுக்குள் இது மிகச் சாதாரணம். கண் அசைவில்லாத புத்தகத்தையோ செல்போனையோ பார்க்கிறது, உள்காது அசைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. புத்தகம், திரை இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு, தொலைவில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பாடும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இனிப்பு டப்பாவைப் போய்ச் சேர்ந்த பிறகே திறக்கலாம்.

ஐந்து நிமிடம்தான் என்று நினைத்துக்கூடப் பிள்ளையை நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே 11 டிகிரி வரை ஏறிவிடும். சிறு பிள்ளையின் உடம்பு பெரியவரின் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

கிளம்பும் முன் அன்றைய உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேடும் பதற்றத்தில் சட்டையின் நிறம் யாருக்கும் நினைவுக்கு வராது. கைபேசி எண்ணை உட்புறக் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயரைச் சட்டையின் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுபவரை எல்லாம் தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும்.

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியவை மூன்றே. காணவில்லை என்றால் அங்கேயே நில். அம்மா அப்பாவின் முழுப்பெயர் சொல். பிள்ளைகளோடு இருக்கும் ஓர் அம்மாவிடமோ, சீருடை அணிந்த பணியாளரிடமோ உதவி கேள். இதை வீட்டில் விளையாட்டாகச் செய்து பழக்குங்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்றால், அருகில் குளம், ஆறு, நீச்சல்குளம் இருந்தால் முதலில் அங்கே போய்த் தேடுங்கள், மற்ற இடங்கள் பிறகு. நீரில் மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை. ஆகவே நீர் இருக்கும் இடத்தில் ஒரு பெரியவர், கையை நீட்டினால் தொடும் தொலைவில், வேறு எதையும் பார்க்காமல் இருக்க வேண்டும். "எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்ற பேச்சு வேண்டாம், இந்த அரை மணிக்கு இன்னார் என்று பெயர் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே விளையாடும் மற்ற பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா?

பகிர்ந்து உண்ணும் குணம் அருமையானது, பிள்ளை தான் செய்ததை நீட்டும்போது முகத்தில் வரும் பெருமையும் அருமையானது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வேர்க்கடலை, எள், பால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குச் சிறு துணுக்கும் ஆபத்தாகலாம். "இதில் கடலையும் எள்ளும் இருக்கிறது, கொடுக்கலாமா?" என்று கேட்க உங்கள் பிள்ளைக்கே பழக்குங்கள். நாலு வயதிலேயே நன்றாகக் கேட்பார்கள்.

"அழாமல் வந்தால் இனிப்பு தருகிறேன்" என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பது நல்லது. இனிப்பைக் கூலியாக்கினால் அதன் மேல் ஆசை கூடும், அடுத்த முறை விலையும் கூடும். தண்டனையாக மறுப்பதும் அதே விளைவைத்தான் தரும். சாப்பாட்டோடு சேர்த்து, எல்லோருக்கும் பங்கு வைத்து, இயல்பாக டப்பாவைத் திறங்கள்.

விளையாட்டை விட்டுக் கிளம்பும்போது வரும் அழுகைக்கு வேறு வழி இருக்கிறது. "இன்னும் பத்து நிமிடம்" என்பது சிறு பிள்ளைக்குப் புரியாது. "இன்னும் மூன்று முறை சறுக்கிவிட்டுக் கிளம்புகிறோம்" என்பது புரியும். மூன்றாவது முறை முடிந்ததும் சொன்னபடி கிளம்புங்கள். அழுதால் தூக்கிக்கொண்டு நடங்கள், திட்ட வேண்டாம். பிடித்த இடத்தைவிட்டுப் போவது அந்த வயதில் உண்மையான துயரம்.

பல்லுக்கு?

நாள் முழுக்கக் கொறிப்பதுதான் கெடுதி. ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்தால் பல்லின் மேல் அமிலம் தங்கும் நேரம் குறையும். சாப்பிட்டதும் தண்ணீர் குடிக்க வையுங்கள். இரவில் ஃபுளூரைடு பற்பசையால் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவும் போதும். காரிலேயே தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பித் துலக்கவைப்பது கொடுமையாகத் தோன்றும். ஈரத்துணியைச் சுற்றிய விரலால் பல்லை மெல்லத் துடைத்துவிட்டுப் படுக்கவையுங்கள், காலையில் முதல் வேலையாகத் துலக்கலாம்.

மிஞ்சிய இனிப்பு எத்தனை நாள் தாங்கும்?

வெயிலில் அலைந்து திரும்பிய டப்பாவில் பிள்ளைகள் கைவிட்டு எடுத்திருந்தால் மிஞ்சியதை அன்றே முடித்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன பங்கு என்றால், பேரீச்சம்பழ உருண்டை குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். கடலை மிட்டாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, ஈரம் ஏறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே இரண்டு வாரம் மொறுமொறுப்பு மாறாது. பச்சைத் தேங்காயில் செய்த வில்லை குளிரில் மூன்று நாள். கடலையோ எள்ளோ காறிய வாடை அடித்தால், நாள் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.